பக்கத்துத் தோட்டத்து அளவு நம் தண்ணீருக்குப் பொருந்துமா?

கேள்வி: ஒரு ஏக்கரில் நேந்திரன் வாழை, சொட்டுநீர்ப் பாசனம். போர் தண்ணீர். குலை தள்ளும் நேரத்தில் கடைசி வரிசை மரங்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. சொட்டுவான்களின் வாயில் வெள்ளை உப்பு கட்டி நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒரு ஏக்கர் வாழைதான் வைத்திருக்கிறார். முக்கால் லிட்டர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டார், அடைப்பு நீங்கிவிட்டது. அதே ஆசிட்டை அதே அளவில் விட்டும் எங்கள் குழாயில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு தண்ணீரிலும் பி.எச். 7.8 என்றே காட்டுகிறது. தவறு எங்கே? (கோபி வட்டம், ஈரோடு மாவட்டம்)

பதில்: ஆசிட்டிலும் தவறில்லை, குழாயிலும் தவறில்லை. அளவை இரவல் வாங்கியதுதான் தவறு. பக்கத்துத் தோட்டத்தில் இருப்பது வாய்க்கால் ஓரத் திறந்த கிணறு என்றும், இங்கே இருப்பது 600 அடி போர் என்றும் கடிதத்தின் பின்பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது. விடை அங்கேதான் இருக்கிறது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையையும் ஓடைக்கல்லையும் மெதுவாகக் கரைக்கிறது. இப்படிக் கரைந்து வருவதுதான் கால்சியம் பைகார்பனேட். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரை நிறுத்தியபின் சொட்டுவானின் வாயில் நிற்கும் துளி வெயிலில் காயும்போது கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, அங்கேயே படிகிறது. தினமும் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதேதான். ஆழத்தில் பாறையோடு பல காலம் கிடந்த போர் தண்ணீரில் பைகார்பனேட் பெரும்பாலும் அதிகம் இருக்கும். வாய்க்கால் கசிவு வந்து சேரும் கிணற்றில் குறைவாக இருக்கும்.

சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடக்கி, உப்பாகவும் தண்ணீராகவும் மாறுவதை நடுநிலையாக்கல் என்பார்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு அமிலம் விடுவது இதற்காகத்தான். ஆனால் குழாயில் படிந்த சுண்ணாம்பை அமிலம் தொடுவதற்கு முன்பே, தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் அதைப் பிடித்துக்கொள்கிறது. கடிதம் எழுதியவரின் தோட்டத்தில் நடந்தது இதுவே. விட்ட முக்கால் லிட்டரையும் தண்ணீரே தின்றுவிட்டது. படிவைக் கரைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

பி.எச். ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வேறுபாடு?

ஒரு செம்பு வெந்நீரும் ஒரு அண்டா வெந்நீரும் கையில் ஒரே சூடாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டையும் ஆற்றுவதற்கு ஊற்ற வேண்டிய பச்சைத் தண்ணீர் ஒரே அளவா? பி.எச். என்பது அந்தச் சூட்டைப் போன்றது. தண்ணீர் இந்த நிமிடம் அமிலப் பக்கம் இருக்கிறதா, காரப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அதற்குள் எவ்வளவு காரம் சேர்ந்து கிடக்கிறது என்பதைச் சொல்லாது. அந்த அளவைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, தெரிந்த வலுவுள்ள அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எத்தனை மில்லியில் அது அடங்குகிறது என்று பார்ப்பதுதான். இதற்குத் தரம் பார்த்தல் என்று பெயர். வீட்டில் பிளஸ் டூ அறிவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், பியூரெட், பிப்பெட் வைத்துச் செய்முறைத் தேர்வில் செய்வது இதைத்தான் என்று சொல்லும். அதையே தோட்டத்தில் ஒரு வாளியை வைத்துச் செய்துகொள்ளலாம்.

அமிலம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை

அடைத்த சொட்டுவான் ஒன்றைக் கழற்றி, வெள்ளைப் படிவின் மேல் இரண்டு சொட்டு அமிலம் விட வேண்டும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. அமிலம் பலன் தரும். நுரைக்காமல் வழவழப்பாக, நாற்றத்தோடு இருந்தால் பாசியோ நுண்ணுயிரோ அடைத்திருக்கிறது. அதற்குக் குளோரின் சிகிச்சைதான் தேவை. மணலாக இருந்தால் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஒரே தொட்டியில் அடுத்தடுத்தும் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வெளிவரும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

வாளியில் தரம் பார்க்கும் முறை

தேவையானவை: 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை, 10 மில்லி சிரிஞ்சு, பி.எச். தாள், ரப்பர் கையுறை, கண்ணாடி. அமிலம் 30 முதல் 33 சதம் வலுவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருக்கட்டும். கழிவறை கழுவ விற்கும் கலப்பு ஆசிட் வேண்டாம். அதன் வலு என்னவென்று தெரியாது.

1. மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டபின், வாளியில் சரியாக 10 லிட்டர் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

2. குவளையில் முதலில் 900 மில்லி தண்ணீர் எடுத்து, அதில் 100 மில்லி அமிலத்தை மெதுவாக ஊற்ற வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும். இப்போது குவளையில் உள்ள 10 மில்லி கரைசலில் 1 மில்லி அமிலம் இருக்கிறது. வலுவான அமிலத்தைச் சிரிஞ்சில் எடுக்கும் ஆபத்து இதனால் தவிர்கிறது. அளவும் துல்லியமாக வருகிறது.

3. இந்தக் கரைசலை ஒவ்வொரு முறையும் 10 மில்லி வாளியில் விட்டு, பிளாஸ்டிக் குழாயால் கலக்கி, ஒரு நிமிடம் கழித்துப் பி.எச். தாளை நனைத்து, அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. பி.எச். 6-க்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் 10 மில்லியை விட்டு, இரண்டு இரண்டு மில்லியாகச் சேர்க்க வேண்டும். பி.எச். 4 வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் கையை இறுக்குவதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் அமிலம் சேர்க்கச் சேர்க்கத் தாளின் நிறம் நகர்வது மிகவும் மெதுவாக இருக்கும். பைகார்பனேட் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கும். அது தீரும் இடத்தில் முட்டு விலகி, பி.எச். மளமளவென்று சரியும். லிட்டருக்கு 6 மில்லி ஈக்விவலண்ட் பைகார்பனேட் உள்ள தண்ணீரை எடுத்துக்கொண்டால், வாளியில் முதல் 3 மில்லி அமிலம் சேர்ந்த பிறகும் பி.எச். 6-க்கு மேலேயே நிற்கும். 6 மில்லி தாண்டியபின் இன்னும் ஒரே ஒரு மில்லி விட்டால் 3-க்கே போய்விடும். “ஒன்றும் ஆகவில்லையே” என்று பொறுமையிழந்து மொத்தமாகச் சாய்ப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

கணக்கு போடுவது எப்படி?

கடிதம் எழுதியவரின் போர் தண்ணீருக்கு 62 மில்லி கரைசல் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள அமிலம் 6.2 மில்லி. 10 லிட்டருக்கு 6.2 மில்லி என்றால் 1,000 லிட்டருக்கு 620 மில்லி.

ஆறு அடிக்கு ஆறு அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 வாழை. மரத்துக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டு என்றால் மொத்தம் 2,400 சொட்டுவான். மணிக்கு 9,600 லிட்டர் தண்ணீர். வென்சுரி எவ்வளவு உறிஞ்சும் என்பதை முதலில் வெறும் தண்ணீரில் பார்க்க வேண்டும். 20 லிட்டரை 20 நிமிடத்தில் இழுக்கிறது என்றால், அந்த 20 நிமிடத்தில் குழாய்களில் ஓடும் தண்ணீர் 3,200 லிட்டர். 3,200 லிட்டருக்கு, 1,000 லிட்டருக்கு 620 மில்லி வீதம், ஏறக்குறைய 2 லிட்டர் அமிலம் தேவை. பிளாஸ்டிக் டிரம்மில் 18 லிட்டர் தண்ணீர் எடுத்து அதில் 2 லிட்டர் அமிலத்தை மெதுவாக ஊற்றிக் கலந்து, வென்சுரி வழியாக விட வேண்டும்.

வாய்க்கால் ஓரக் கிணற்றுத் தண்ணீரில் இதே சோதனைக்கு 22 மில்லி கரைசல்தான் பிடிக்கிறது என்று வைத்தால், அதே 3,200 லிட்டருக்கு வேண்டியது 700 மில்லி. அவருக்கு முக்கால் லிட்டர் போதுமாக இருந்தது இப்படித்தான். அதே முக்கால் லிட்டர் போர் தண்ணீரில் உள்ள காரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் அடக்கியிருக்கும்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. பாசன நீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால், அங்கும் அமிலம் விட்டுத்தான் தரம் பார்க்கிறார்கள். நிறம் காட்ட மெத்தில் ஆரஞ்சு சேர்ப்பார்கள். மஞ்சள் நிறம் செம்மஞ்சளாக மாறும் இடத்தில் நிறுத்துவார்கள். அறிக்கையில் பைகார்பனேட் என்ற வரியில் லிட்டருக்கு எத்தனை மில்லி ஈக்விவலண்ட் என்று இருக்கும். இந்த வலுவுள்ள அமிலத்தில் 10 லிட்டர் வாளிக்குப் பிடித்த மில்லி எண், அந்த எண்ணுக்கு அருகிலேயே வரும். பெரிதாக விலகினால் வாளிச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

குழாயில் விடும்போது

மோட்டாரை ஓட்டி, எல்லாக் குழாயிலும் முழு அழுத்தம் வந்தபிறகே அமிலத்தைத் திறக்க வேண்டும். இரும்பு வடிகட்டியையும் இரும்புக் குழாயையும் அமிலம் அரிக்கும். எனவே அவற்றுக்கு அடுத்து, பி.வி.சி. குழாய் தொடங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். சிமெண்டுத் தொட்டியில் கலக்கக் கூடாது. சிமெண்டும் காரம்தான், தொட்டியை அமிலம் தின்னும், அமிலத்தைத் தொட்டி தின்னும். உரத்தொட்டியில் பழைய உரக் கரைசல் மிச்சமிருந்தால் கழுவிவிட வேண்டும்.

அமிலம் தீரும் நேரத்தில் கடைசி லேட்டரலின் கடைசி சொட்டுவானில் பி.எச். தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 4 காட்டினால்தான் வேலை நடந்திருக்கிறது. 5, 6 என்று நின்றால், குழாயில் உள்ள படிவு அமிலத்தைத் தின்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் தேவை. 4 வந்ததும் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். மறுநாள் மெயின், சப்மெயின் வால்வுகளையும் லேட்டரல் முனைகளையும் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட்ட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கழன்ற படிவு வேறு இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும்.

பலன் தெரிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. அளந்துதான் சொல்ல வேண்டும். 4 லிட்டர் சொட்டுவான் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 67 மில்லி தர வேண்டும். வரிசையின் முதல், நடு, கடைசி சொட்டுவான்களில் ஒரு நிமிடம் பிடித்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ள வேண்டும். படிவு கனமாக இருந்தால் சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் ஒருமுறை செய்யலாம். ஆனால் முழுவதும் அடைத்துப்போன சொட்டுவானுக்குள் அமிலம் நுழைய வழியே இல்லை. அவற்றைக் கழற்றி, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அதனால் தண்ணீர் குறையத் தொடங்கும்போதே செய்வது நல்லது. குலை தள்ளும்வரை காத்திருந்தால் ஒரு வார வறட்சிகூடத் தாரின் எடையில் தெரியும்.

கவனம்: காற்று வரும் பக்கம் நின்று வேலை செய்ய வேண்டும். குழந்தைகள் அருகில் வேண்டாம். குளிர்பான பாட்டிலில் அமிலத்தை ஊற்றி வைக்கவே கூடாது. உடலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும் என்று நினைத்து மேலே தடவக் கூடாது. நடுநிலையாகும்போது சூடு பிறக்கும். சுண்ணாம்பும் தன் பங்குக்கு அரிக்கும். புண் இரட்டிப்பாகும். தரையில் சிந்தியதற்கு மட்டும் சுண்ணாம்புத் தூள் தூவலாம்.

கேள்வி: அமிலம் விடுவதால் மண் கெட்டுவிடாதா? மண்புழு செத்துவிடாதா? (பவானி)

பதில்: இந்த அளவில் பயம் வேண்டாம். ஒரு ஏக்கரின் மேல்மண், 15 செ.மீ. ஆழத்துக்கு, ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடை. அதில் ஒரு சதம் சுண்ணாம்பு இருந்தாலே 9,000 கிலோ. மேலே சொன்ன 2 லிட்டர் அமிலம் மொத்தமாக மண்ணில் விழுந்தாலும் கரைக்கக்கூடியது சுமார் ஒரு கிலோ சுண்ணாம்பு. அதிலும் பெரும்பகுதி தண்ணீரிலேயே அடங்கிவிடுகிறது. நீர்க்காத அமிலம் வேரடியில் கொட்டினால் கேடு நிச்சயம். அளவோடு, பி.எச். 4-க்குக் கீழே போகாமல் விடுவது இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் கிணறு உப்புத் தண்ணீர். அமிலம் சேர்த்துக்கொண்டே வந்தால் நல்ல தண்ணீர் ஆகுமா? (காங்கேயம்)

பதில்: ஆகாது. நடுநிலையாக்கல் உப்பை அழிப்பதில்லை. ஒரு உப்பை இன்னொரு உப்பாக மாற்றுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பைகார்பனேட் போய், அந்த இடத்தில் குளோரைடு வரும். மொத்த உப்பு குறையாது. மின்கடத்தும் திறன் அதிகமுள்ள தண்ணீருக்கு உப்பைத் தாங்கும் பயிர், நல்ல வடிகால், மழைநீரைக் கிணற்றுக்குச் சேர்ப்பது ஆகியவைதான் வழி.

கேள்வி: உருளைக்கிழங்கு போடும் மண்ணில் பி.எச். 4.8. ஏக்கருக்கு எத்தனை மூட்டை சுண்ணாம்பு போட வேண்டும்? (உதகை)

பதில்: முதல் கேள்விக்குச் சொன்னதே இங்கே தலைகீழாகப் பொருந்தும். பி.எச். எண்ணை மட்டும் வைத்து மூட்டைக் கணக்குச் சொல்ல முடியாது. களியும் மக்கும் அதிகமுள்ள மண், அதே 4.8-ல் மணற்பாங்கான மண்ணைவிட அதிகச் சுண்ணாம்பு கேட்கும். பரிசோதனைக்கு மண் கொடுக்கும்போது ‘சுண்ணாம்புத் தேவை’யையும் பார்க்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். டோலமைட் போட்டால் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தூவி மண்ணோடு கலக்க வேண்டும். யூரியா, அம்மோனியம் சல்பேட்டுடன் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

கேள்வி: கோடையில் சொசைட்டிக்குக் கொண்டு போகும் பால் புளிப்பு என்று திருப்பி அனுப்புகிறார்கள். கொஞ்சம் சமையல் சோடா போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா? (வீட்டில் கறவை பார்க்கும் பெண், அந்தியூர்)

பதில்: கூடாது. பால் ஆய்வுக்கூடத்திலும் நடப்பது தரம் பார்த்தல்தான். 10 மில்லி பாலில் இரண்டு மூன்று சொட்டு பினால்ப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நிற்கும்வரை தெரிந்த வலுவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்ப்பார்கள். அப்போது கறந்த பசும்பாலில் அமிலத்தன்மை பொதுவாக 0.13 முதல் 0.15 சதம் இருக்கும். நேரம் ஆக ஆக, கிருமிகள் பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும், எண் ஏறும். சோடா போட்டால் அந்த அமிலம் அடங்கி, எண் குறைந்தது போலத் தெரியும். கிருமிகள் அப்படியே இருக்கும், பெருகிக்கொண்டும் இருக்கும். அந்தப் பாலைக் குடிக்கப்போவது ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை. பாலில் சோடா சேர்ப்பது சட்டப்படி கலப்படம். ரோசாலிக் அமிலச் சோதனையில் ரோஜாச் சிவப்பு நிறம் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

புளிப்புக்குத் தீர்வு தொழுவத்திலேயே இருக்கிறது. மடியையும் கையையும் கழுவிக் கறப்பது, வெந்நீரில் கழுவிக் காயவைத்த எவர்சில்வர் பாத்திரம், காலைப் பாலோடு மாலைப் பாலைக் கலக்காமல் இருப்பது, கறந்த உடனே கேனைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஒரு மணி நேரத்துக்குள் சேர்ப்பது. இந்த நான்கும் நடந்தால் சோடாவுக்கு வேலையே இருக்காது.

குறித்துக்கொள்ள: வாளிச் சோதனையில் கிடைத்த எண்ணையும் தேதியையும் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். கிணற்றில் நீர்மட்டம் மாறினால் இந்த எண்ணும் மாறும். போன வருடத்து நம் அளவே இந்த வருடத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.